காணாமல் போகும் ஹார்ட் டிஸ்க்: பழி யார் மேல்?

மார்கழிக் கச்சேரிகளைக் கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்த மயிலாப்பூர் ரசிகர்கள் பலர், அவற்றை எம்பி3 ஆக்கி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தி. நகர் மண்டபத்தில் எடுத்த கல்யாண வீடியோ, ஆல்பத்தோடு சேர்ந்து டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ வீட்டுக்கு வருகிறது. அடையாறு, தரமணிப் பக்கத்து ஆராய்ச்சி மாணவர்களின் அளவீடுகளும் ஆய்வேட்டு வரைவுகளும் இருப்பது அதே மாதிரி உள்ளங்கை அகலப் பெட்டிக்குள்தான்.

அந்தப் பெட்டி ஒருநாள் பாதிக் காப்பியில் மறைந்துவிடும். திரையில் இருந்த ஐகான் இருக்காது. கழற்றி மாட்டினால் வரும், ஐந்து நிமிடத்தில் மறுபடி போகும். கடைக்கு எடுத்துப் போனால், “டிஸ்க் போயிடுச்சு சார், புதுசு வாங்கிக்கோங்க” என்ற பதில் சுலபமாகக் கிடைக்கும். அவசரத்தில் ஃபார்மட் செய்தும் விடுவார்கள். இருபது வருடப் பாட்டும் படமும் அத்தோடு போயிற்று.

இந்த இழப்புகளில் கணிசமானவை தவிர்க்கக்கூடியவை. மறைந்துபோகும் டிஸ்க்குகளில் பல, உள்ளுக்குள் நன்றாகவே இருக்கின்றன. கேபிளோ, மின்சாரமோ, பெட்டிக்குள் இருக்கும் சின்னச் சில்லோ செய்த தவறுக்கு டிஸ்க் பழி ஏற்கிறது. கணினியில் லினக்ஸ் இயங்குதளம் இருந்தால் தவறு எங்கே என்று வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம். அதற்கு வேண்டிய கருவிகள் எல்லாம் இலவசம்.

சென்னையும் லினக்ஸும்

லினக்ஸ் சென்னைக்குப் புதியதல்ல. இந்திய லினக்ஸ் பயனர் குழுவின் சென்னைக் கிளை 1998-லிருந்து இயங்குகிறது. அதன் மாதக் கூட்டங்கள் பல ஆண்டுகளாக ஐஐடி வளாகத்தில் நடந்து வந்திருக்கின்றன. நந்தனத்தில் தலைமையகம் கொண்ட தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் ஐஏஎஸ் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007-ஐ ஒட்டி, தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அதே 2007-இல் மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் ‘பாஸ்’ என்ற லினக்ஸ் பதிப்பை வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் ஆண்டுகளில், மாணவர்கள் கைக்கு வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. 2014 ஏப்ரல் 8-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு நிற்கப்போகிறது என்று தெரிந்ததும், தமிழ்நாடு அரசு தன் துறைகளை பாஸுக்கு மாறச் சொன்னது.

ஆக, ஒரே பென் டிரைவ் காலையில் விண்டோஸிலும் மாலையில் லினக்ஸிலும் செருகப்படுவது இங்கே பல வீடுகளில் நடக்கும் காரியம். அந்தப் போக்குவரத்திலும் சில கோளாறுகள் பிறக்கின்றன. அவற்றைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் கணினி சொல்வதைக் கேட்க வேண்டும்

யுஎஸ்பியில் ஏதாவது செருகினால், எடுத்தால், தடுமாறினால், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறித்து வைக்கிறது. அந்தக் குறிப்பைப் படிக்க டெர்மினலைத் திறந்து, டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துகளைச் சேர்த்தெழுதும் கட்டளையைத் தர வேண்டும். பல பதிப்புகளில் அதன் முன்னால் ‘சுடோ’ என்று சேர்த்து நிர்வாகி அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். கட்டளையின் பின்னால் ஒரு சிறு கோடும் டபிள்யூ எழுத்தும் சேர்த்தால், குறிப்புகள் நடக்க நடக்கத் திரையில் ஓடும். அதை ஓடவிட்டு டிஸ்க்கை மாட்டி, பிரச்சினை வரும்வரை காத்திருந்தால் போதும்.

வரும் வாசகங்களில் சிலவற்றை அடையாளம் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ‘டிஸ்கனெக்ட்’ என்று வந்தால், யாரும் கழற்றாமலே இணைப்பு அறுந்திருக்கிறது. கேபிளையும் மின்சாரத்தையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ‘எரர் -71’ என்பது கணினியும் கருவியும் பேசிக்கொள்ளும் முறை குலைந்ததைக் குறிக்கிறது. ‘எரர் -110’ என்பது கேட்ட கேள்விக்கு உரிய நேரத்தில் பதில் வராததை. இரண்டுமே பெரும்பாலும் கேபிள், போர்ட், மின்சாரம் பக்கம்தான் கை காட்டும். ‘ஓவர்-கரன்ட்’ என்றால் அந்த போர்ட்டில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் போயிருக்கிறது. ‘ரீசெட்’ என்ற சொல் நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால், பெட்டிக்குள் இருக்கும் சில் திணறுகிறது. ‘மீடியம் எரர்’ என்று வந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும். டிஸ்க்கின் பரப்பிலேயே படிக்க முடியாத இடம் இருக்கிறது என்று அதற்குப் பொருள்.

துணைக்கு இன்னொரு கட்டளை: எல்எஸ்யுஎஸ்பி. இதன் பின்னால் சிறு கோடும் டி எழுத்தும் சேர்த்தால், எந்தக் கருவி எந்த போர்ட்டில் எந்த வேகத்தில் பேசுகிறது என்று மரம் போல வரிசையாகக் காட்டும். யுஎஸ்பி 3 டிஸ்க்குக்கு எதிரே 5000 என்று இருக்க வேண்டும். 480 என்று இருந்தால் அது யுஎஸ்பி 2 வேகத்துக்கு இறங்கியிருக்கிறது. கேபிளிலோ முனையிலோ பழுது இருக்கலாம். முனை முழுதாக உள்ளே போகாமலும் இருக்கலாம்.

மின்சாரம் போதவில்லை

யுஎஸ்பி தரம் 1996-இல் வந்தது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முதன்மையானவர் பரோடாவில் படித்த அஜய் பட். அவர்கள் காலத்தில் யுஎஸ்பியில் மாட்ட நினைத்தவை கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் போன்றவை. சுழலும் தட்டு கொண்ட ஹார்ட் டிஸ்க்கையே அந்தக் கம்பியின் மின்சாரத்தில் ஓட்டும் பழக்கம் பின்னால் வந்தது.

கணக்கு எளிது. யுஎஸ்பி 2 போர்ட் 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் தரக் கடமைப்பட்டது. யுஎஸ்பி 3 போர்ட் 900. கையடக்கமான இரண்டரை அங்குல டிஸ்க் ஓடும்போது இதற்குள் அடங்கிவிடும். ஆனால் நின்றிருக்கும் தட்டு சுழலத் தொடங்கும் ஓரிரு நொடிகளில் 1 ஆம்பியர் வரை கேட்கும் டிஸ்க்குகள் உண்டு. கேட்டது கிடைக்காவிட்டால் தட்டு சுழல முயன்று நிற்கும், மறுபடி முயலும். கணினி அதை ‘வந்தது, போனது, வந்தது’ என்று எழுதிக்கொண்டே இருக்கும்.

தெருக் கோடி வீட்டுக்கு மெட்ரோ வாட்டர் அழுத்தம் குறைந்து வருவதுபோல, நீளமான, மெல்லிய கம்பி கொண்ட கேபிளின் மறுமுனையில் வோல்டேஜ் குறைகிறது. டெஸ்க்டாப் கேபினட்டின் முன்பக்க போர்ட்டுகளுக்கு உள்ளே இன்னொரு கம்பி ஓடுவதால் அங்கேயும் இதே இழப்பு உண்டு. தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் ஒரு போர்ட்டின் மின்சாரத்தை நான்கு கருவிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆகவே முதல் சோதனையில் ஹப்பை எடுத்துவிட வேண்டும். கேபினட்டின் பின்புறம், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில், அரை மீட்டருக்கு மேற்படாத நல்ல கேபிளால் நேராக மாட்ட வேண்டும். இதிலேயே பல டிஸ்க்குகள் பிழைத்துவிடும். ஹப் வேண்டுமென்றால் தனி அடாப்டர் உள்ளதாக வாங்குவது நல்லது.

மூன்றரை அங்குலப் பெரிய டிஸ்க்குக்கு 12 வோல்ட் அடாப்டர் தனியாக உண்டு. சென்னை வீடுகளில் அதற்கு வேறொரு சிக்கல். கரன்ட் போய் இன்வர்ட்டர் ஏற்கும் அந்தக் கண் இமைக்கும் நேரத்தை, லேப்டாப் தன் பேட்டரியால் கடந்துவிடும். அடாப்டரில் ஓடும் டிஸ்க்குக்கு அந்த வசதி கிடையாது. விளக்கு ஒருமுறை சிமிட்டியதைக் கவனிக்காதவருக்கு, டிஸ்க் காரணமில்லாமல் மறைந்ததாகத்தான் தோன்றும். கெர்னல் குறிப்பில் இருக்கும் நேரத்தையும் கரன்ட் போன நேரத்தையும் பொருத்திப் பார்த்தால் விஷயம் வெளிப்படும். டிஸ்க்கின் அடாப்டரைச் சிறிய யுபிஎஸ்ஸில் மாட்டுவதுதான் தீர்வு.

கடலை ஒட்டிய சாந்தோம், பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர் வீடுகளில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உப்புக் காற்று உலோக முனைகளை அரிக்கிறது. பழைய யுஎஸ்பி 3 டிஸ்க்குகளில் இருக்கும் தட்டையான அகலப் பின்னுக்குப் பிடிப்பும் குறைவு. ஓடிக்கொண்டிருக்கும்போது மேசை அசைந்தாலே தொடர்பு விட்டுப்போகலாம். டிஸ்க்கை எடுத்துவிட்டு, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் முனையைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டிப் பார்க்கலாம். கேபிளை மாற்றிப் பார்க்கும்போது கேபிளை மட்டும் மாற்ற வேண்டும். போர்ட்டையும் சேர்த்து மாற்றினால், சரியானது எதனால் என்று தெரியாமல் போய்விடும்.

பெட்டிக்குள் ஒரு மொழிபெயர்ப்பாளர்

எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள் பெரும்பாலானவற்றில் இரண்டு பகுதிகள் உண்டு. உள்ளே சாட்டா டிஸ்க். அதற்கும் கேபிளுக்கும் நடுவே ஒரு சிறு சில். டிஸ்க்கின் சாட்டா மொழியை யுஎஸ்பி மொழியாக்குவது அந்தச் சில்லின் வேலை. பல மர்மங்களுக்கு மூலம் இங்கேதான்.

யுஎஸ்பி 3 வேகத்தை லினக்ஸ் மிகச் சீக்கிரமே ஏற்றது. சாரா ஷார்ப் எழுதிய டிரைவர் 2009 செப்டம்பரில் வந்த 2.6.31 கெர்னலில் சேர்ந்தபோது, வேறு எந்த இயங்குதளத்திலும் அந்த வசதி இல்லை. 2014-இல் வந்த 3.15 கெர்னலோடு ‘யுஏஎஸ்’ என்ற புதிய முறையும் நடைமுறைக்கு வந்தது. பழைய முறையில் கணினி ஒரு கட்டளை அனுப்பி, அது முடிந்த பிறகே அடுத்ததை அனுப்பும். யுஏஎஸ் முறையில் பல கட்டளைகளை ஒன்றாக வரிசையில் நிறுத்தலாம், வேகம் கூடும். ஆனால் இந்த முறை தெரியும் என்று கணினியிடம் சொல்லிவிட்டு, நெருக்கடியில் தடுமாறும் சில்கள் சந்தையில் நிறைய வந்துவிட்டன.

இதை உலகம் முழுக்க உணர்த்தியது ராஸ்பெர்ரி பை 4. கைக்கு அடக்கமான இந்தக் கணினி 2019 ஜூனில் வந்தது. யுஎஸ்பி 3 போர்ட் கொண்ட முதல் பை அதுதான். வாங்கியவர்கள் ஆவலோடு எஸ்எஸ்டியை மாட்டினார்கள். பலருக்கு அது தொங்கித் தொங்கி ஓடியது; சிலருக்கு எழும்பவே இல்லை. ஒரே எஸ்எஸ்டி ஒரு அடாப்டரில் தடுமாறி, வேறு அடாப்டரில் ஒழுங்காக ஓடியது. பழுது டிஸ்க்கில் இல்லை, நடுவிலிருந்த சில்லில்தான் என்று அப்போது தெளிந்தது. அந்தக் கணினியின் நான்கு போர்ட்டுகளும் சேர்ந்தே மொத்தம் 1.2 ஆம்பியர்தான் தரும் என்பதால், இரண்டு டிஸ்க் மாட்டியவர்களை மின்சாரப் பற்றாக்குறையும் சேர்த்து வதைத்தது.

தீர்வு கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அடம்பிடிக்கும் கருவிகளின் பட்டியல் ஒன்றை கெர்னலை எழுதுபவர்கள் வைத்திருக்கிறார்கள். பெயர் பெற்ற நிறுவனங்களின் டிஸ்க்குகளும் அதில் உண்டு. பட்டியலில் இல்லாத கருவிக்கு, அதன் எட்டு இலக்க அடையாள எண்ணை எல்எஸ்யுஎஸ்பி மூலம் பார்த்து, ‘இதற்கு யுஏஎஸ் வேண்டாம்’ என்று கணினி எழும்பும்போதே சொல்லும்படி அமைக்கலாம். வேகம் கொஞ்சம் குறையும். டிஸ்க் நிலையாக நிற்கும். கெர்னல் குறிப்பில் யுஏஎஸ் என்ற பெயரோடு ‘அபார்ட்’, ‘ரீசெட்’ என்று மாறி மாறி வந்தால், செய்ய வேண்டியது இதுதான்.

லேப்டாப்பில் பேட்டரி மிச்சம் பிடிக்க டிஎல்பி போன்ற மென்பொருள் இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும் யுஎஸ்பி கருவிகளை அது தூங்கவைக்கும். எழுப்பும்போது சில சில்கள் எழுவதில்லை. அந்தக் கருவிக்கு மட்டும் விலக்கு அளிக்க அமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும்.

எழுதி முடிக்குமுன் பிடுங்கினால்

காப்பி முடிந்ததாகத் திரை சொன்னாலும், கோப்பு முழுவதும் டிஸ்க்குக்குப் போயிருக்க வேண்டும் என்பதில்லை. எழுத வேண்டியதை லினக்ஸ் முதலில் ராமில் வாங்கிக்கொண்டு, பின்னணியில் மெதுவாக டிஸ்க்குக்கு அனுப்புகிறது. 16 ஜிபி ராம் உள்ள கணினியில் இப்படி 2, 3 ஜிபி வரை கூடக் காத்திருக்கலாம். மெதுவான பென் டிரைவ் என்றால் பல நிமிடம் பிடிக்கும். ஃபைல் மேனேஜரில் ‘எஜெக்ட்’ அழுத்தி, எடுக்கலாம் என்ற அறிவிப்பு வரும்வரை பொறுக்க வேண்டும். டெர்மினலில் ‘சிங்க்’ என்று தட்டினால், எல்லாம் எழுதி முடிந்த பிறகே கட்டளை திரும்பும்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே டிஸ்க்கைப் பகிரும் வீடுகளில் வரும் புகார் வேறு: ‘மவுண்ட் ஆகல’, அல்லது ‘படிக்க முடியுது, எழுத முடியல’. விண்டோஸ் 8 காலத்திலிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. டிஸ்க்கை எஜெக்ட் செய்யாமல் அப்படியே விட்டு அணைத்தால், அதன் என்டிஎஃப்எஸ் பகுதி ‘வேலை முடியவில்லை’ என்ற குறியோடு நிற்கும். லினக்ஸ் அந்தக் குறியைப் பார்த்து எழுத மறுப்பது டிஸ்க்கில் உள்ளதைக் காப்பாற்றத்தான். விண்டோஸ் கணினியில் மாட்டி, பிழை சரிபார்ப்பை ஓட்டி, எஜெக்ட் செய்து எடுத்தால் தீரும். லினக்ஸில் உள்ள என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் சில அடிப்படைப் பிழைகளைச் சரிசெய்து அந்தக் குறியை நீக்கும். விண்டோஸ் செய்யும் முழுச் சோதனைக்கு அது ஈடாகாது.

உண்மையிலேயே டிஸ்க் போகும்போது

கேபிள், போர்ட், மின்சாரம், சில் எல்லாம் பார்த்தாயிற்று. ‘மீடியம் எரர்’ வந்துகொண்டே இருக்கிறது. இப்போது டிஸ்க்கையே கேட்க வேண்டும். தன் உடல்நிலையை டிஸ்க் தானே குறித்து வைக்கும் ஏற்பாட்டுக்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையோ, ‘டிஸ்க்ஸ்’ என்ற எளிய மென்பொருளோ அதைக் காட்டும். சுழலும் டிஸ்க்கில் முக்கியமாகப் பார்க்க வேண்டிய வரிகள் இரண்டு. 5-ஆம் எண் வரி, கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் கணக்கு. 197-ஆம் வரி, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகளின் கணக்கு. 197 நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க்கை இனி நம்பக் கூடாது.

பலர் பெரிய தவறு செய்வது இந்த இடத்தில்தான். பதற்றத்தில் எஃப்எஸ்சிகே போன்ற பழுதுபார்க்கும் கட்டளையை நேராக டிஸ்க்கின் மேலேயே ஓட்டிவிடுகிறார்கள். பழுதுபார்ப்பது என்றால் டிஸ்க்கில் எழுதுவது. தளர்ந்த டிஸ்க்கில் எழுதினால் மிச்சமிருப்பதும் சிதையலாம். முதல் வேலை நகல் எடுப்பதாகவே இருக்க வேண்டும்.

அதற்கென்றே இருக்கிறது, அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய குனு டிடிரெஸ்க்யூ. சாதாரணக் காப்பி கெட்ட இடத்தில் முட்டி நிற்கும். அல்லது அங்கேயே திரும்பத் திரும்ப முயன்று டிஸ்க்கை ஓய்த்துவிடும். டிடிரெஸ்க்யூ எளிதில் வருவதை முதலில் அள்ளிக்கொள்கிறது. கெட்ட பகுதிகளைத் தாண்டிப்போய், கடைசியில் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறது. எது வந்தது, எது வரவில்லை என்று தனிக் கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் டிஸ்க் மறைந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நகலை வைக்க அதே அளவோ கூடுதலோ இடமுள்ள வேறொரு டிஸ்க் வேண்டும். பழுதுபார்ப்பது, தேடுவது எல்லாம் அந்த நகலின் மேல்தான்.

டிஸ்க்கிலிருந்து ‘டக், டக்’ என்ற சத்தம் வந்தால் இதையும் செய்யக் கூடாது. உடனே அணைத்துவிட்டு, தூசியில்லா அறை வசதியுள்ள மீட்பு நிலையத்திடம் போக வேண்டும். வீட்டில் திறந்து பார்ப்பது அதன் முடிவு. பெட்டியை உடைத்து டிஸ்க்கை வேறு பெட்டியில் போடும் யோசனையிலும் எச்சரிக்கை தேவை. சில மாடல்களில் யுஎஸ்பி முனை டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். இன்னும் சிலவற்றில் அந்தச் சில்லே தகவலைப் பூட்டி எழுதுவதால், சில் மாறினால் எதுவும் படிக்க வராது.

புதிதாக வாங்கியது தடுமாறினால்

நம்ப முடியாத விலையில் 2 டிபி என்று விற்கும் பென் டிரைவ்களும் எஸ்எஸ்டிகளும் தனி வகை. உள்ளே 32 அல்லது 64 ஜிபி மட்டுமே இருக்க, கணினியிடம் பொய்க் கணக்குச் சொல்லும்படி அவை மாற்றப்பட்டிருக்கும். உண்மையான கொள்ளளவு நிரம்பும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதன்பின் எழுதுவது எங்கும் தங்காது. எஃப்3 என்ற இலவசக் கருவி டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்து, உண்மை அளவைச் சொல்லிவிடும். வாங்கிய அன்றே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடியுமுன் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு டிஸ்க் போதாது

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை மீறியபோது, கோட்டூர்புரம், சைதாப்பேட்டைத் தரைத்தள வீடுகளில் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் நகரை முழங்கால் தண்ணீரில் நிறுத்தியது. கணினியில் ஒரு நகல், அதே மேசையில் இருக்கும் டிஸ்க்கில் இன்னொரு நகல் என்றால் இரண்டும் ஒரே தண்ணீரில் மூழ்கும். இன்னொரு நகல் வேறு பேட்டையில், உறவினர் வீட்டு மாடியில் இருப்பது பயனுள்ளது. நனைந்துவிட்ட டிஸ்க்கில் தவறியும் மின்சாரம் பாய்ச்சக் கூடாது.

உதவி தேடிப் போகிறவர்கள், அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருக் கடைக்கானாலும் லினக்ஸ் குழுவின் கூட்டத்துக்கானாலும், நான்கு விவரங்களைத் தாளில் எழுதிக்கொண்டு போகலாம்: டிஸ்க் மறைந்தபோது கெர்னல் எழுதிய கடைசிப் பத்து வரி, எல்எஸ்யுஎஸ்பி காட்டிய அடையாள எண், ஸ்மார்ட்டின் 5, 197-ஆம் வரிகளில் உள்ள எண்ணிக்கை, எந்தெந்த கேபிளிலும் போர்ட்டிலும் சோதித்துப் பார்த்தார்கள் என்ற விவரம். இவை கையில் இருந்தால், எதிரில் இருப்பவர் ஊகத்தில் ஃபார்மட் செய்யச் சொல்ல மாட்டார். கேபிளா, அடாப்டரா, பெட்டியா, டிஸ்க்கா என்று பேச்சு நேராகப் பழுதில் தொடங்கும்.